மாத்தூரில் ஓடும் நீரும் நெய்யாற்றில் நின்ற நீரும்

கன்னியாகுமரி மாவட்டத்தில் கன்னிப்பூ, கும்பப்பூ ஆகிய இரு பூ சாகுபடிக்கும் அணைகளைத் திறக்கும் நாள் வழக்கமாக ஜூன் 1. பிப்ரவரி 28 வரை நீர் விடுவது ஏற்பாடு. பேச்சிப்பாறை, பெருஞ்சாணி, சிற்றாறு 1, சிற்றாறு 2 ஆகிய அணைகளின் நீரை நம்பி, கோதையாறு, பட்டணங்கால் பாசன அமைப்பில் 79,000 ஏக்கர் நிலம் இருக்கிறது. திருநெல்வேலி மாவட்டத்து இராதாபுரம் பகுதி நிலமும் இதில் அடங்கும்.

அணை திறந்த சில நாட்களில் கடைவரம்பு உழவர்கள் சட்டமன்ற உறுப்பினரைத் தேடிப் போவதும் வழக்கமாகிவிட்டது. கையில் ஒரு மனு. அதில் ஒரே செய்தி: "எங்கள் பகுதிக்குத் தண்ணீர் வரவில்லை." உறுப்பினரும் பொறியாளரிடம் பேசுகிறார். மேல்மடைகள் இரண்டு நாள் அடைக்கப்படுகின்றன. நாற்றங்கால் நனைகிறது. மூன்றாம் நாள் மறுபடியும் வாய்க்கால் காய்கிறது. அடுத்த ஆண்டும் அதே மனு, அதே நடை.

தொகுதிக் கோரிக்கை வயலுக்குத் தண்ணீராக வந்த கதையும், வந்த தண்ணீர் நின்றுபோன கதையும் இந்த மாவட்டத்திலேயே இருக்கின்றன. ஒன்று மாத்தூர் தொட்டிப்பாலம். மற்றொன்று நெய்யாறு இடதுகரைக் கால்வாய். இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், மக்கள் பிரதிநிதியிடம் எதைக் கேட்க வேண்டும், எப்படிக் கேட்க வேண்டும் என்பது விளங்கும்.

நான்கு வட்டங்கள், இரண்டு வகை நிலம்

1956 நவம்பர் 1-ஆம் நாள் தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கு வட்டங்களும் திருவிதாங்கூர்-கொச்சி மாநிலத்திலிருந்து பிரிந்து சென்னை மாநிலத்தோடு இணைந்து கன்னியாகுமரி மாவட்டம் உருவாயிற்று. இந்த இணைப்புக்காகப் போராடிய திருவிதாங்கூர் தமிழ்நாடு காங்கிரசின் தலைவர்களில் முதன்மையானவர் வழக்கறிஞர் அ. நேசமணி. விளவங்கோடு வட்டத்துப் பள்ளியாடியில் 1895-ல் பிறந்தவர். முதல் பொதுத் தேர்தலில் நாகர்கோவில் தொகுதியிலிருந்து நாடாளுமன்றம் சென்றார். 1957-ல் கிள்ளியூரிலிருந்து சென்னைச் சட்டமன்றத்துக்கும், 1962-லும் 1967-லும் மீண்டும் நாடாளுமன்றத்துக்கும் தேர்ந்தெடுக்கப்பட்டார்.

மொழி வழியில் மாநிலம் அமைந்த பிறகு எஞ்சி நின்ற பெரிய கேள்வி தண்ணீர். தோவாளையும் அகஸ்தீஸ்வரமும் சேர்ந்த நாஞ்சில் நாட்டுக்குப் பழைய வாய்க்கால்களும், 1906-ல் முடிந்த பேச்சிப்பாறை அணையும் இருந்தன. மேற்கே உள்ள கல்குளம், விளவங்கோடு பகுதிகளின் நில அமைப்பு வேறு. அங்கே குன்றும் பள்ளமுமாக நிலம் கிடக்கிறது. இரண்டு மேடுகளுக்கு நடுவே ஒடுங்கிய ஏலாக்களில் நெல் விளையும். மழையும் குளமும் கைவிட்டால் அந்த ஏலாவுக்கு வேறு போக்கில்லை. ஆறு பக்கத்தில் ஓடினாலும் அது பள்ளத்தில் ஓடும். வயலோ மேட்டுக்கு அப்பால் இருக்கும்.

தொட்டியில் ஏறி வந்த தண்ணீர்

இந்தக் குறையைப் போக்க எழுந்ததே சிற்றாறு பட்டணங்கால் திட்டம். காமராஜர் முதலமைச்சராக இருந்த காலத்தில் இது உருப்பெற்றது. இதன் மிகக் கடினமான பகுதி, திருவட்டாற்றை அடுத்த மாத்தூரில் பறளியாற்றுப் பள்ளத்தைக் கால்வாய் கடக்க வேண்டிய இடம். கால்வாயைப் பள்ளத்தில் இறக்கினால் தண்ணீர் மறுபடி மேடேறாது. ஆகவே ஒரு குன்றிலிருந்து எதிர்க்குன்றுக்கு ஆகாயத்திலேயே தொட்டி கட்டினார்கள். ஏறத்தாழ 1,200 அடி நீளம். பள்ளத்தின் ஆழமான இடத்தில் 100 அடிக்கு மேல் உயரம். தாங்குவதற்கு 28 தூண்கள். தண்ணீர் ஓடும் தொட்டியின் உயரம் 7 அடி, அகலம் ஏழரை அடி. செலவு 12 இலட்சத்து 90 ஆயிரம் ரூபாய்.

பாலம் முடிந்தது 1966-ல். காமராஜர் 1963 அக்டோபரிலேயே முதலமைச்சர் பதவியை விட்டு விலகியிருந்தார். முடியும்போது முதலமைச்சர் பக்தவத்சலம். ஒருவர் காலத்தில் உருவான திட்டம் இன்னொருவர் காலத்தில் முடிந்ததற்குக் காரணம், அது வாய்ப்பேச்சாக நிற்கவில்லை என்பதே. அளவெடுத்து, வரைபடம் போட்டு, மதிப்பீடு தயாரித்து, நிதி ஒதுக்கிய கோப்பாக அது மாறியிருந்தது. ஆள் மாறினாலும் கோப்பு நகரும். நேசமணி 1968-ல் காலமானபின் 1969 இடைத்தேர்தலில் நாகர்கோவில் தொகுதி காமராஜரையே நாடாளுமன்றத்துக்கு அனுப்பியது. தொட்டிப்பாலத்தை மேற்கு மாவட்ட மக்கள் இன்றும் அவர் பெயரோடு சேர்த்தே சொல்கிறார்கள்.

மாத்தூர் வெற்றிக்கு மற்றொரு காரணமும் உண்டு. நீர் தேங்கும் அணை, நீர் செல்லும் கால்வாய், நீர் பாயும் ஏலா, இம்மூன்றும் ஒரே அரசின் கையில் இருந்தன. மதகைத் திறக்க வேறு யாரையும் கேட்க வேண்டியதில்லை.

எல்லைக்கு அப்பால் அணை

நெய்யாற்றின் கதையில் இந்த மூன்றாவது வசதி இல்லை. நெய்யாறு அணை 1950-களில் கட்டப்பட்டது. திருவிதாங்கூர்-கொச்சி மாநிலம் இத்திட்டத்தை வகுத்தபோது விளவங்கோடும் அதே மாநிலத்தில் இருந்தது. ஆகவே விளவங்கோட்டு வயல்களையும் சேர்த்தே இடதுகரைக் கால்வாய் திட்டமிடப்பட்டது. 1956-ல் மாநில எல்லை மாறியது. அணை கேரளத்தில் நின்றது. கால்வாயின் கடைப்பகுதியும் 9,200 ஏக்கர் ஆயக்கட்டும் தமிழ்நாட்டில் நின்றன.

இருந்தும் 1960-களின் நடுவிலிருந்து ஏறத்தாழ நாற்பது ஆண்டுகள் தண்ணீர் வந்தது. 2004-ல் நின்றது. நெய்யாறு முழுவதும் தங்கள் மாநிலத்திலேயே ஓடும் ஆறு, அது மாநிலங்களுக்கு இடைப்பட்ட ஆறு அல்ல என்பது கேரளத்தின் வாதம். 2003-ல் அம்மாநிலம் இயற்றிய பாசன, நீர்ப் பாதுகாப்புச் சட்டமும் இதற்குத் துணையாகக் காட்டப்பட்டது. திட்டம் வகுக்கப்பட்டதே விளவங்கோட்டையும் சேர்த்துத்தான், பல்லாண்டு பாய்ந்த நீர் உழவனின் உரிமை என்பது தமிழ்நாட்டின் வாதம். பேச்சும் கடிதப் போக்குவரத்தும் பலன் தராததால் 2012-ல் தமிழ்நாடு அரசு உச்ச நீதிமன்றத்தில் வழக்குத் தொடுத்தது.

விளவங்கோடு வட்டாரத்துப் பிரதிநிதிகள் எந்தக் கட்சியைச் சேர்ந்தவர்களானாலும் இந்தக் கோரிக்கையை விட்டதில்லை. ஆனால் ஒரு தொகுதி உறுப்பினரின் குரல் தம் மாநிலச் சட்டமன்றம் வரையில்தான் நேராகச் செல்லும். அண்டை மாநிலத்து மதகை அவரால் திறக்க முடியாது. எல்லை பிரிந்த அன்றே இரு மாநிலமும் கையெழுத்திட்ட தெளிவான நீர் உடன்படிக்கை ஒன்று இருந்திருந்தால், வாதத்தின் போக்கே வேறாக இருந்திருக்கும். உறவு நன்றாக இருக்கும்போது கையெழுத்து தேவையில்லை என்று தோன்றும். அது தேவைப்படுவது உறவு கசக்கும் நாளில்.

150 கன அடி என்ன கணக்கு?

நெய்யாறு இடதுகரைக் கால்வாயில் தமிழ்நாடு கேட்பது விநாடிக்கு 150 கன அடி. இது கூடுதலா, குறைவா என்பதை உழவரே கணக்கிட்டுப் பார்க்கலாம்.

விநாடிக்கு 1 கன அடி நீர் இரவும் பகலும் ஒரு நாள் முழுதும் ஓடினால் 86,400 கன அடி. ஒரு ஏக்கர் என்பது 43,560 சதுர அடி. ஆகவே அந்த நீரை ஒரு ஏக்கரில் தேக்கினால் ஏறத்தாழ 2 அடி உயரம் நிற்கும். அதையே 60 ஏக்கரில் பரப்பினால் 1 செ.மீ. உயரம் வரும். நட்ட நெல் வயலில் பயிர் குடிப்பதும், வெயிலில் ஆவியாவதும், மண்ணில் இறங்குவதும் சேர்ந்து நாளொன்றுக்குச் சுமார் 1 செ.மீ. நீர் தேவைப்படும். எனவே 60 ஏக்கருக்கு 1 கன அடி என்று கொள்ளலாம். 9,200 ஏக்கரை 60-ஆல் வகுத்தால் 153.

ஆக, 150 கன அடி என்பது மிகையான கேட்பு அல்ல; வயலின் அன்றாடத் தேவை மட்டுமே. வழியில் கசிந்து வீணாகும் நீருக்கு இதில் இடமே இல்லை. இத்தகைய கணக்கு கையில் இருந்தால்தான் கோரிக்கைக்கு எடை கூடும்.

ஏக்கர் குறைந்தால் உரிமையும் மெலியும்

தண்ணீர் நின்றால் உழவன் காத்திருக்க முடியாது. நெல் விளைந்த ஏலாக்களில் வாழையும் மரச்சீனியும் ஏறின. சில இடங்களில் தென்னையும் ரப்பரும் வந்தன. வீட்டு மனையான வயலும் உண்டு. இதில் உழவரைக் குறை சொல்ல இடமில்லை. பிழைப்புக்கு வழி அதுதான்.

ஆனால் ஓர் ஆபத்தை மறந்துவிடலாகாது. நீருக்கான உரிமை ஆயக்கட்டு ஏக்கரைக் கொண்டே பேசப்படுகிறது. ஆயக்கட்டு ஆண்டுதோறும் சுருங்கினால், "கேட்கும் நீருக்கு வயல் எங்கே?" என்ற கேள்வி ஒரு நாள் எழும். ஆகவே நெல் இல்லாவிட்டாலும், பாசனம் வேண்டும் வாழைக்கும் தென்னைக்கும் கிராம அடங்கலில் பயிர் பதிவு சரியாக இருக்கிறதா என்று ஒவ்வொருவரும் பார்த்துக்கொள்ள வேண்டும். நீர் ஓடாத கால்வாய் புதர் மண்டும், கரை சரியும், கால்வாயில் குப்பை சேரும், ஓரத்தில் வேலி முன்னேறும். நாளைக்கே தீர்ப்பு வந்து நீர் திறந்தாலும் கால்வாய் அதைக் கடைவரம்பு வரை கொண்டுசேர்க்காது. அண்டை மாநிலத்து மதகு உறுப்பினரின் கையில் இல்லை. இந்தப் பக்கத்துக் கால்வாய் அவர் கேட்டுப் பெறக்கூடிய வேலை. தொகுதிக் கோரிக்கையில் இதுவே முதலில் இடம்பெற வேண்டும்.

உறுப்பினரால் ஆவது எது?

ஓர் உறுப்பினர் சட்டமன்றத்தில் வினா எழுப்பலாம். கவன ஈர்ப்புத் தீர்மானம் கொண்டுவரலாம். நீர்வளத்துறை மானியக் கோரிக்கையின்போது தொகுதித் தேவையைப் பேசலாம். அமைச்சர் அவையில் "செய்யப்படும்" என்று சொன்னால் அது பதிவாகிறது. நிறைவேறியதா என்று பார்க்க அரசு உறுதிமொழிக் குழு இருக்கிறது. பொதுமக்கள் தரும் மனுக்களை ஆராய மனுக்கள் குழுவும் உண்டு.

தமிழ்நாட்டில் ஒவ்வொரு சட்டமன்றத் தொகுதிக்கும் மேம்பாட்டு நிதியாக ஆண்டுக்கு 3 கோடி ரூபாய் தரப்படுகிறது. சாலை, கட்டடம், குடிநீர் எனப் பல தேவைகள் இதற்குள் அடங்க வேண்டும். சிறு தடுப்புச் சுவருக்கோ படித்துறைக்கோ இது உதவலாம்; பல கிலோமீட்டர் கால்வாய்ச் சீரமைப்புக்குப் போதாது. அதற்குத் துறையின் மதிப்பீடும் அரசாணையும் தேவை. 2022 ஆகஸ்டில் 234 தொகுதி உறுப்பினர்களிடமும் நீண்ட நாளாகத் தீராத பத்துக் கோரிக்கைகளை எழுதித் தரும்படி முதலமைச்சர் கேட்டார். அத்தகைய பட்டியலில் இடம்பெறும் கோரிக்கை எது என்பதில்தான் உழவர் விழிப்பாக இருக்க வேண்டும். பத்து வரிகளில் ஒரு வரி வாய்க்காலுக்குக் கிடைக்க வேண்டுமானால், அந்த வரியை எழுதுவதற்கான விவரத்தை உழவரே கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும்.

மனுவில் இருக்க வேண்டியவை

"தண்ணீர் வரவில்லை" என்ற மனுவைப் பெறும் பொறியாளர், "பார்க்கப்படும்" என்றுதான் எழுத முடியும். கீழ்க்கண்ட விவரங்கள் இருந்தால் அவர் இடத்துக்கு வந்தே ஆக வேண்டும்.

1. கால்வாயின் பெயர், கிளையின் பெயர், பழுதான இடம் தலைமதகிலிருந்து எவ்வளவு தொலைவில் உள்ளது என்பது.

2. பழுது என்ன? கரை உடைப்பா, மடைப் பலகை இல்லையா, ஷட்டர் துருப்பிடித்ததா, மண் மேடிட்டதா, கசிவா? ஒரு மனுவுக்கு ஒரு பழுது போதும்.

3. அந்த இடத்துக்குக் கீழே பாயும் நிலம் எத்தனை ஏக்கர், எந்தெந்தப் புல எண்கள், எத்தனை உழவர்கள்.

4. எந்த ஆண்டு, எந்த மாதம், எத்தனை நாள் நீர் வரவில்லை என்பதைத் தேதியுடன் காட்டும் குறிப்பு.

5. நீர் ஓடும்போது எடுத்த அளவு.

அளவெடுப்பது கடினமான வேலையன்று. வாய்க்காலில் நேராக ஓடும் 30 அடி தூரத்தை இரண்டு குச்சி நட்டுக் குறிக்கவும். தேங்காய்த் தொண்டின் ஒரு துண்டை மேற்குச்சிக்குச் சற்று மேலே போட்டு, இரு குச்சிகளுக்கிடையே அது கடக்கும் நேரத்தைக் கைக்கடிகாரத்தில் பார்க்கவும். மூன்று முறை பார்த்துச் சராசரி எடுப்பது நல்லது. 20 விநாடி ஆனால் வேகம் விநாடிக்கு ஒன்றரை அடி. மேல்மட்டத்து வேகம் அடிமட்டத்தில் இராது, ஆகவே 0.8-ஆல் பெருக்கினால் 1.2 அடி. வாய்க்காலில் நீர் 4 அடி அகலம், ஒன்றரை அடி ஆழம் என்றால் பரப்பு 6 சதுர அடி. ஆறையும் 1.2-ஐயும் பெருக்கினால் 7.2 கன அடி. சுமார் 430 ஏக்கருக்குப் போதுமான நீர் அது.

கிளைத் தலைப்பில் ஒரு முறை, கடைவரம்புக்கு மேலே ஒரு முறை அதே நாளில் அளக்க வேண்டும். இடையில் உள்ள மடைகள் எடுத்துக்கொள்ளும் நீரையும் இதே முறையில் அளந்து கழிக்க வேண்டும். கழித்தபின்னும் 7.2 கன அடி 2 ஆகக் குறைந்திருந்தால், மீதி 5.2 எங்கே போயிற்று என்று கேட்கும் உரிமை உழவருக்கு உண்டு. உறுப்பினர் சட்டமன்றத்தில் பேசவும் இதுவே சரக்கு.

மனு கொடுக்கும் பருவம்

மேமாதம் மனு கொடுத்து ஜூனில் பலன் எதிர்பார்ப்பது கார்த்திகையில் நாற்றுப் பாவி மார்கழியில் அறுக்க நினைப்பதை ஒக்கும். கால்வாயில் வேலை செய்ய இடம் கிடைப்பது நீர் அடைக்கப்படும் மார்ச் முதல் மே வரையிலான மூன்று மாதம் மட்டுமே. அதற்குள் வேலை நடக்க வேண்டுமானால் மதிப்பீடும் அனுமதியும் ஒப்பந்தமும் முன்னதாகவே முடிந்திருக்க வேண்டும். எனவே கன்னிப்பூ அறுவடை முடிந்து கும்பப்பூ நடவு நடக்கும் அக்டோபர், நவம்பர் மாதங்களே மனு கொடுக்க ஏற்ற பருவம். வாய்க்காலில் நீர் ஓடுவதால் பழுதும் அப்போது கண்ணுக்குத் தெரியும், அளவும் எடுக்கலாம்.

மனுவின் ஒரு படியை உறுப்பினரிடமும், ஒரு படியை நீர்வளத்துறைப் பொறியாளரிடமும், ஒரு படியை மாவட்ட ஆட்சியர் மாதந்தோறும் நடத்தும் விவசாயிகள் குறைதீர்க்கும் நாள் கூட்டத்திலும் கொடுத்து, பெற்றதற்கான எண்ணை வாங்கி வைத்துக்கொள்ள வேண்டும். உறுப்பினர் மாறினாலும் அந்த எண் மாறாது.

உழவர் தாமே செய்ய வேண்டியவை

கடைவரம்பு காய்வதற்கு எல்லாப் பொறுப்பும் அரசுடையதன்று. மேல்மடைக்காரர் இரவில் பலகையை எடுத்துவிடுவதும், வாய்க்காலில் மண்மூட்டை போட்டு நீரை மறிப்பதும் நடக்கின்றன. இதை எந்த உறுப்பினராலும் தடுக்க முடியாது. ஊரார்தான் முறை வைத்துத் தடுக்க முடியும். தமிழ்நாட்டில் பாசன முறைமைகளை விவசாயிகளே மேலாண்மை செய்வதற்கான சட்டம் 2000-ல் வந்தது. அதன்படி அமைந்த நீரைப் பயன்படுத்துவோர் சங்கம் செயல்படும் இடங்களில், யாருக்கு எந்தக் கிழமை, எத்தனை மணி நேரம் என்ற முறைப்பட்டியலைச் சங்கமே எழுதி மடையருகே ஒட்டலாம்.

கடைவரம்பு உழவர்கள் கன்னிப்பூவுக்கு அம்பை 16 போன்ற 110 முதல் 115 நாள் இரகத்தைத் தேர்ந்தால் நீர் தேவைப்படும் நாட்கள் குறையும். ஒரு கிளையின் கீழ் உள்ளவர்கள் எல்லாரும் ஒரு வாரத்துக்குள் நாற்றுப் பாவினால், முறைப்பாசனத்தை ஒழுங்காக நடத்தலாம். நட்ட பயிர் பச்சை பிடித்தபின், வயலில் தேங்கிய நீர் வடிந்து மண்ணில் நூல் வெடிப்பு தோன்றும் தருணத்தில் மறுநீர் கட்டுவது போதுமானது. பூக்கும் பருவத்தில் மட்டும் காயவிடலாகாது. மேல்மடைக்காரர் இப்படி மிச்சப்படுத்தும் நீரே கடைவரம்புக்காரரின் கும்பப்பூ.

மாத்தூர்த் தொட்டி முடிந்து அரை நூற்றாண்டுக்கு மேல் ஆகிவிட்டது. தூண்கள் அசையவில்லை. ஆனால் அந்தத் தொட்டி இறக்கிவிடும் நீர் வயலில் சேர்வது, கீழே உள்ள கிளைகளும் மடைகளும் இருக்கும் நிலையைப் பொறுத்தது. நெய்யாற்று நீர் திரும்பினாலும் அவ்வாறே. பெரிய கட்டுமானத்தை ஒரு முதலமைச்சர் தரலாம். வழக்கை நீதிமன்றம் தீர்க்கலாம். கடைசி நூறு அடி வாய்க்காலை ஊரும் தொகுதி உறுப்பினரும் சேர்ந்தே காக்க வேண்டும். வரும் கும்பப்பூ நடவின்போது ஒவ்வொரு ஏலாவிலும் இரண்டு பேர் குச்சியும் கடிகாரமும் கொண்டு வாய்க்காலில் இறங்கி அளந்தால், அடுத்த மனுவில் "தண்ணீர் வரவில்லை" என்ற ஒற்றை வரிக்குப் பதிலாக எவ்வளவு வரவில்லை, எங்கே நின்றது, எத்தனை ஏக்கர் காய்ந்தது என்ற மூன்று வரி இருக்கும். அந்த மூன்று வரியைக் கொண்டு பொறியாளர் மதிப்பீடு போடலாம்; உறுப்பினர் அவையில் கேட்கலாம்.